வெள்ளிக்கிழமை வாங்கி வந்த பொழுதுபோக்குகள்

மகளுக்கு ஏதாவது ஒரு ஹாபி பழக்கிவிடுங்கள், கை சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வேறு எவ்வளவோ சொன்னார். மாத்திரை பற்றி, தூக்கம் பற்றி, கொஞ்ச நாளைக்குத் தனியாக விடக் கூடாது என்பது பற்றி. என் கணவரின் காதில் அந்த ஒரு வார்த்தைதான் நின்றது. மற்றதெல்லாம் டாக்டர் கையில் இருக்கிற விஷயம். ஹாபி மட்டும் கடையில் கிடைக்கும், அதைத் தன்னால் வாங்கிக் கொடுக்க முடியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அவருக்கே வாழ்க்கையில் பொழுதுபோக்கு என்று ஒன்று கிடையாது. பம்மலில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் இறங்கினால் மிஷின் நிற்கும்போதுதான் மேலே வருவார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் வாசல் பைப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர், தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் நின்று, பெண்பிள்ளைகளுக்கு என்ன ஹாபி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

எங்களுக்கு ஒரே மகள். துரைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. நன்றாகப் படித்தாள், நன்றாகச் சிரித்தாள், சம்பளம் வந்த முதல் மாதம் அத்தாவுக்குச் சட்டையும் எனக்கு மிக்ஸியும் வாங்கிக் கொடுத்தாள். பிறகு ஒரு வருடமாக ஏதோ குறைந்துகொண்டே வந்தது. முதலில் சாப்பாடு, பிறகு தூக்கம், பிறகு பேச்சு. வேலைப் பளு என்று நாங்கள் நினைத்தோம். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவள் செய்துகொண்டதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிழைத்துக்கொண்டாள். அதுவரை அவளுடைய அம்மாவாக இருந்த நான், அன்றிலிருந்து அவளுடைய காவல்காரி ஆனேன்.

பம்மல் வீட்டில் வைத்துப் பார்ப்பது முடியாத காரியமாக இருந்தது. சந்து முழுக்கச் சொந்தம். கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவர்கள். கீழே மிஷின் சத்தம், பசை வாடை. என் கணவரின் அண்ணன் வெளிநாட்டில் சம்பாதித்து, கடைசி காலத்துக்கு என்று படப்பையைத் தாண்டி ஒரு மாந்தோப்பு ஓரத்தில் இரண்டு அறை வீடு கட்டிப் போட்டிருந்தார். அது பூட்டியே கிடந்தது. தை மாதக் கடைசியில் அங்கே போனோம். சொந்தக்காரர்களிடம் மகளுக்கு மஞ்சள் காமாலை, பத்தியம் இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தோம். என் நாத்தனார் கீழாநெல்லியைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பினாள்.

அழகான வீடு அது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஓட்டுக்கூரை, சிவப்பு சிமெண்ட் தரை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் மாமரம். காலையில் பனி இறங்கி நிற்கும். வெயில் ஏற ஏற மாம்பூ வாசம் வீட்டுக்குள் வரும். கொல்லையில் ஒரு கிணறு, இரண்டு முருங்கை, இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் காயை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ஒரு இலவமரம். எங்கோ ஒரு குயில் கூவக் கற்றுக்கொண்டிருந்தது. பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த மாதிரி ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்று பம்மல் சந்தில் எத்தனையோ தடவை நான் ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது கிடைத்தது. டீயை ஆறவிட்டு அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன அன்றே என் கணவர் தெரிந்த வெல்டரைக் கூட்டிவந்து கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டினார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். என்னென்னவோ பொருள்களை ஒரு சாக்கில் கட்டி வண்டியில் பம்மலுக்கே திருப்பி எடுத்துப்போனார். அதையெல்லாம் மகள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்க்ரூவைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது. மாத்திரைப் பையை நான் இடுப்பில் முடிந்துகொண்டேன். குளிக்கும்போதும் அது என் கண்ணெதிரே ஆணியில் தொங்கும்.

பட்டறையை மூட முடியாது. அதனால் அவர் வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு முடிச்சூர் ரோடு வழியாக வண்டியில் வருவார். முதல் வெள்ளி அவர் பையில் இருந்தது குரோஷா ஊசியும் கலர் கலராக நூற்கண்டும். அடுத்த வெள்ளி, மண்பானையில் படம் வரைய பெயிண்ட் டப்பாக்களும் பிரஷ்ஷும். அப்புறம் ஒரு கண்ணாடித் தொட்டியும் பாலிதீன் பையில் நீந்திக்கொண்டிருந்த மீன்களும். வரும் வழியில் பாதித் தண்ணீர் சிந்தி, சட்டை நனைந்து, அந்தப் பையைக் குழந்தையைப் போல நெஞ்சில் அணைத்தபடி அவர் படி ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேரம் போர்டு வந்தது. பூச்செடி விதைகள் வந்தன. ஒவ்வொன்றையும் கட்டில் ஓரத்தில் வைத்து, "இது புடிக்குதா பாரும்மா" என்பார். அவள் திரும்பிப் பார்த்து, நல்லா இருக்கு அத்தா என்பாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் அந்தச் சாமான்களோடு நான் மிஞ்சுவேன்.

டாக்டர் சொன்னதை நானும் விடவில்லை. அவள் செய்யாவிட்டால் நாம் செய்து காட்டுவோம், பார்த்து ஆசை வரட்டும் என்று தோன்றியது. அவள் கட்டிலுக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்து பானைக்கு நீலம் பூசினேன். கை பழகாததில் நான் வரைந்த மயில் வான்கோழியைப் போல வந்தது. சிரிப்பாளோ என்று தூக்கிக் காட்டினேன். அவள் கண் பானையைப் பார்த்தது, ஆனால் அங்கே யாரும் இல்லை. மீனுக்கு இரை போடும்போது சத்தமாகப் பேசினேன். தனியாகக் கேரம் ஆடினேன்; என் காயையும் நானே அடித்து, எதிர்க் காயையும் நானே அடித்து, சிவப்பு விழுந்ததும் கை தட்டினேன். ஐம்பது வயதுக்கு மேல் ஆன ஒருத்தி ஆளில்லாத தோப்பு வீட்டில் இப்படியெல்லாம் செய்துகொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்திருந்தால் இரண்டு பேரில் நோயாளி யார் என்று குழம்பியிருப்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து குரோஷா பின்னிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கற்றுக்கொண்டது, மறந்துபோனது. விரலுக்கு எப்படியோ ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை, அது முடிந்து அடுத்தது. சாய்வெயில் தரையில் ஆரஞ்சு நிறமாக விழுந்திருந்தது. பக்கத்தில் டீ. காற்றில் மாம்பூ. அந்தச் சின்ன ஊசியின் கொக்கி நூலை இழுத்து இழுத்து வெளியே கொண்டுவருவதைப் பார்த்தபடி நான் சந்தோஷமாக இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று, இவ்வளவு நேரமாகக் கட்டில் பக்கம் நான் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. நூற்கண்டு உருண்டோட எழுந்து அறைக்குள் பாய்ந்தேன்.

அவள் அதே இடத்தில் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. என் காலடி ஓடிவந்ததிலேயே எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"இருக்கேன்மா" என்றாள்.

அதற்குப் பிறகு குரோஷாவைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. நன்றாக இருக்கும் எதுவுமே பயமாக இருந்தது.

தோப்புக்கு அந்தப் பக்கம் மாடு வைத்திருந்த ஒரு பெண் காலையில் பால் கொண்டுவந்து ஊற்றுவாள். என் வயதுதான் இருக்கும். பாத்திரத்தை நீட்டும்போதே அவள் கழுத்து எட்டி உள்ளே பார்க்கும். பொண்ணு எயுந்துச்சா, சாப்ட்டுச்சா, இன்னும் படுத்துகினு கீதா என்று கேட்பாள். காமாலை என்று சொன்னதை அவள் நம்பவே இல்லை. ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, ஏதாவது காத்து கருப்பு வேலையா பாயம்மா, திருநீறு போடற ஒருத்தர் கீறார் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பால் பாத்திரத்தை வாங்கிக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு, ஒருவேளை போய்ப் பார்க்கலாமோ என்று கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். அந்த அளவுக்குப் போயிருந்தேன்.

மாசி பாதியில் நோன்பு வந்தது. மகள் மாத்திரை சாப்பிடுவதால் நோன்பு இல்லை. நான் மட்டும் பிடித்தேன். அங்கே பள்ளிவாசல் பாங்கு சத்தம் எட்டாது. போனில்தான் நேரம் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சும் வாசம் வீடெல்லாம் பரவும். வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நோன்பில்லாமலே கஞ்சிக்கு முதல் ஆளாக வந்து உட்காருவாள். இப்போது கிண்ணத்தைக் கையில் கொடுத்தால், ஆறும்வரை வைத்திருந்துவிட்டுத் தரையில் வைத்துவிடுவாள்.

தொழுத பிறகு துஆவுக்குக் கை ஏந்தினால் எதைக் கேட்பதென்று தெரியவில்லை. அவளைச் சந்தோஷமாக வை என்று கேட்பது பேராசையாகப் பட்டது. ஆயுளைக் கேட்டால், இந்த மாதிரி ஆயுளையா கேட்கிறோம் என்று நாக்கு தடுமாறியது. கடைசியில், அவளுக்குப் பசிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

வெயில் ஏற ஆரம்பித்தது. இலவமரத்துக் காய்கள் வெடித்துப் பஞ்சு பறந்தது. கொடியில் காய்ந்த துணியில், மீன் தொட்டியில், கஞ்சிப் பானையில் எல்லாம் பஞ்சு. பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்த மரத்தின் மேலேயே எரிச்சல் வந்தது. அப்படிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், நிமிர்ந்தால் மகள் கொல்லைக் கதவில் நின்றுகொண்டிருக்கிறாள். தானாக எழுந்து வந்திருக்கிறாள். படியிறங்கி, கீழே கிடந்த ஒரு காயை எடுத்தாள். வெடித்த வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சை இழுத்துப் பார்த்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பரீட்சையில் பாஸான செய்தியைச் சொல்கிற மாதிரி நான் அவருக்குப் போன் செய்தேன். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார்: "அப்ப வர்றப்ப பஞ்சு வாங்கிட்டு வரட்டா?"

பஞ்சு இங்கே கொட்டிக் கிடக்கு மச்சான் என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவர் போனை வைக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பகல் முழுக்கக் கொல்லையில் குனிந்து குனிந்து காய் பொறுக்கினேன். நோன்போடு, வெயிலில், தலை சுற்றச் சுற்ற. ஒரு சாக்கு நிறையச் சேர்த்தேன். மறுநாள் காலையில் அதை அவள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து தலகாணி செய்யலாமா, கடையில வாங்கறத விட இது எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சின்ன வகுப்பு டீச்சர் மாதிரி இருந்தது.

அவள் அந்தச் சாக்கைப் பார்த்தாள். முகத்தில் லேசாகத் திறந்திருந்த ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

"நான் எதைத் தொட்டாலும் நீ அதை வைத்தியமா ஆக்கிடற" என்றாள். "ஒரு காயைக்கூட என்னால சும்மா எடுக்க முடியல."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாரக்கணக்கில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் சாக்கைத் திரும்ப வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு அவள் கட்டிலுக்குக் கீழேயே பாயில் சாய்ந்தேன். முந்தைய நாள் வெயிலில் நின்றதன் அசதி. கண்ணை மூடக் கூடாது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. தலையணை மேல் அவள் போன். வாசல் கதவு திறந்து கிடந்தது.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் போர்வையை மடித்ததில்லை.

குளியலறை, கொல்லை, தோப்பு. கிணற்று வலையின் பூட்டு அப்படியே இருந்தது. இருந்தும் அதன் மேல் குப்புறப் படுத்து, கம்பிக்கு நடுவே முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது. மகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு தோப்பைத் தாண்டி ஓடினேன். பால்காரப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"உன் பொண்ணா? ஏரிக்கரைப் பக்கமா நடந்து போய்க்கினு இருந்துச்சே, பாயம்மா. ரொம்ப நேரம் ஆவுது."

ஏரிக்கரை என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. ஓடினேன். முள்ளு வெட்டிப் போட்டிருந்த வரப்பில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன். ராத்திரி அவர் என் பாதத்திலிருந்து முள்ளை எடுத்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. ஏரியில் தண்ணீர் பாதி வற்றி, நடுவில் மட்டும் பளபளவென்று நின்றது. கொக்குகள் நின்றன. ஒரு ஆள் எருமை கழுவிக்கொண்டிருந்தான். நான் வந்த பிறகு இந்தப் பக்கம் யாரும் வரவில்லையே என்றான். நிஜமாகவா, நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் பயந்துபோய், வேண்டுமானால் இறங்கிப் பார்க்கிறேன் என்று நடுத் தண்ணீர் வரைக்கும் போனான். இடுப்பளவு நீரில் அவன் காலால் துழாவித் துழாவி நடந்ததைக் கரையில் நின்று நான் பார்த்தேன். எதையாவது மிதித்துவிடப் போகிறானே என்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான நேரம் ஒன்று வரக் கூடாது.

அவன் கையை விரித்தான். ஒன்றுமில்லை.

அவருக்குப் போன் செய்தேன். அவளைக் காணோம் மச்சான் என்று சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்துட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் நடக்க முடியவில்லை. பால்காரப் பெண் பின்னாலேயே வந்து என்னைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு ரோட்டோரப் புங்கமரத்தடியில் உட்கார வைத்தாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து குடிக்கச் சொன்னாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. வேண்டாம் என்றேன். மயக்கம் போட்டு விழுந்துடப் போற, உன் சாமி ஒண்ணும் சொல்லாது, குடி என்றாள். அது பக்தி இல்லை. இந்தத் தண்ணீரைக் குடித்தால் அவள் போய்விடுவாள், குடிக்காமல் இருக்கும் வரைக்கும் இருப்பாள் என்று எனக்குள் யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். பல்லை இறுக்கிக்கொண்டேன். அவள் வற்புறுத்தாமல் அந்தத் தண்ணீரில் தன் முந்தானையை நனைத்து என் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். காமாலை என்று அவளிடம் நான் சொன்ன பொய்யை அதற்குப் பிறகு காப்பாற்ற வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

படப்பைப் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு ஆள் மூட்டையோடு இறங்கினான். அவனுக்குப் பின்னால் என் மகள் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. வியர்த்திருந்தாள். துப்பட்டா ஒரு பக்கம் சரிந்திருந்தது. மரத்தடியில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

எழுந்திருக்க முயன்றேன், முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் எனக்கு முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்தாள். பால்காரப் பெண் சொம்பை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏரிப் பக்கம் குறுக்குவழியில போய் ஆட்டோ புடிச்சேன்" என்றாள் மகள். "தலகாணி உறைக்குத் துணி வாங்கப் போனேன்."

பையிலிருந்து நீலக் கோடு போட்ட கெட்டித் துணியை எடுத்துக் காட்டினாள். போனை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரம் யாரும் என்னப் பாக்காம இருக்கணும்னு இருந்திச்சு." பிறகு என் முகத்தையே பார்த்தாள். "நான் செத்துட்டேன்னு நெனச்சியாம்மா?"

வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் யாரும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட, அன்றைக்கு நடந்தது என்றுதான் சொல்வோம். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியலம்மா. வூட்ட விட்டுக் கெளம்புறப்போ துணி வாங்கத்தான் போறனான்னு எனக்கே தெரியல. கரையில கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் ஆட்டோ சத்தம் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். வெயிலில் ரோட்டோரம் அவள் முழங்கால் மேல் தலையை வைத்து நான் உட்கார்ந்திருந்தேன். நான் பயந்தது கற்பனை இல்லை என்று தெரிந்துகொள்வது ஆறுதலா, தண்டனையா? ஆனால் அவள் அதை என்னிடம் சொன்னாள். ஒன்றுமில்லம்மா என்று சொல்லாமல், இருந்ததைச் சொன்னாள்.

அவர் வந்தபோது நாங்கள் வீட்டு வாசலில் இருந்தோம். வண்டியை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். பட்டறை வேட்டியோடேயே வந்திருந்தார், கையெல்லாம் பசை. உள்ளே போனார். குளியலறையில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. ஒளு செய்ய அவ்வளவு நேரம் ஆகாது. மகள் எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே நின்று, "அத்தா, டேங்க் காலியாயிடும்" என்றாள். தண்ணீர் நின்றது. அவர் கண் சிவந்து வெளியே வந்தார்.

அன்றைக்குக் கஞ்சி காய்ச்சவில்லை. பால்காரப் பெண் ஒரு தூக்கில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போனாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம்; அவரும் நானும் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தோம். மகள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததில் என் கழுத்து வலித்தது.

தலையணைகள் செய்தோம். அவர் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் பட்டறைக்குப் போகாமல், வாசலில் உட்கார்ந்து குச்சியால் பஞ்சை அடித்து விதை பிரித்தார். தோல் தைக்கும் கை என்பதால் உறைக்கு அவர் போட்ட தையல் பெல்ட்டுக்குப் போடுவது போலக் கெட்டியாக இருந்தது. தாடி மீசையெல்லாம் பஞ்சு. மகள் கட்டிலிலிருந்து வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவர் விட்டுவிட்ட விதைகளைப் பொறுக்கினாள். நான் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. வந்தால் கெட்டுவிடும் என்று தெரிந்திருந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆகவில்லை. பெருநாள் முடிந்த வாரமே மறுபடி பழைய நிலைக்கு இறங்கினாள். இந்தத் தடவை அவளாகவே, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாள். உள்ளேயே படுக்க வைத்தார்கள். மாத்திரையை மாற்றினார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து அவளை அங்கே விட்டுவிட்டு, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் பம்மல் பஸ்ஸுக்காக நின்ற சாயங்காலங்களில் அவர் கை என் முந்தானை நுனியைப் பிடித்திருக்கும், கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேன் என்பதைப் போல.

இப்போது பம்மலில்தான் இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு டி.டி.பி. கடையில் காலையில் மட்டும் வேலைக்குப் போகிறாள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் டைப் செய்கிறாள். துரைப்பாக்கத்தில் வாங்கிய சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுச் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும். சில நாள் நன்றாக இருக்கிறாள். சில நாள் இல்லை. இல்லாத நாளில், இன்னிக்கு சரியில்லம்மா என்று அவளே வந்து சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்கும்போது பயமாக இருக்கிறது. சொல்லாமல் போகும் ஒரு நாள் வருமோ என்று நினைக்கும்போது அதைவிடப் பயமாக இருக்கிறது.

போன வாரம் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று அதைச் சொன்னாள். அடுப்பை அணைத்தேன். என்ன செய்யணும் சொல்லு என்று கேட்டேன். ஒண்ணும் செய்யாத, சும்மா பக்கத்துல உட்காரு என்றாள். சுவரில் சாய்ந்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் ஒன்று பொழிச்சலூர்ப் பக்கம் தாழப் போனது, ஜன்னல் அதிர்ந்தது. அவள் கை என் கையில் இருந்தது. இறுக்கிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது, பிடிக்கவில்லை. நாளைக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படியே உட்கார்ந்திருந்தோம்.